குளிர் நிற்பவரைத்தான் பிடிக்கும்: 80 கி.மீ. இரவு நடைக்கு முழுமையான வழிகாட்டி

குளிர்கால இரவில் 80 கிலோமீட்டர் நடக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் குளிரை நினைத்தே பயந்து, மூட்டை மூட்டையாகத் துணி சேர்க்கிறார்கள். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடக்கும் உடம்பு உறைநிலையிலும் தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். காற்று இல்லாவிட்டால் மெல்லிய இரண்டு அடுக்கு உடையே போதும். சிக்கல் தொடங்குவது நடை தளரும்போது. கொப்புளம் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்ததும் சூடு குறைகிறது. வியர்வையில் நனைந்த சட்டை மிச்சமிருக்கும் சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. விரல்கள் விறைத்துப்போவதால் பையின் ஜிப்பைத் திறந்து சாப்பிட முடிவதில்லை. சாப்பிடாததால் வேகம் இன்னும் குறைகிறது. இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதற்காகத்தான்: விடியும்வரை கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றே ஆகவேண்டிய சில நிமிடங்களில் சூடு போகாமல் இருக்க வேண்டும்.

சாலையிலோ தெளிவான பாதையிலோ, 5 டிகிரி முதல் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் நடப்பதற்கானது இது. ஆழமான பனியும் செங்குத்தான மலைச்சரிவும் வேறு பயிற்சி கேட்பவை. இதய நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேனாட் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இறங்கக் கூடாது.

முதலில் நேரக் கணக்கு

80 கி.மீ. என்றால் மணிக்கு 5 கி.மீ. வீதம் 16 மணி நேரம் என்று கணக்குப் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவும்: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., அதற்குமேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். மொத்த ஏற்றம் 1,200 மீட்டர் என்றால் 18 மணி நேரம். 10 கி.மீ.-க்கு ஒருமுறை 10 நிமிட நிறுத்தம், நடுவில் ஒரு அரை மணி நேர நிறுத்தம் என்று சேர்த்தால் 20-ஐத் தொடும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் கிட்டத்தட்ட எல்லோருடைய வேகமும் 4 கி.மீ.-க்கு இறங்கிவிடும் என்பதால் 21 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தை இந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கி முடிவு செய்யுங்கள். மாலை 4 மணிக்குக் கிளம்பினால் முதல் வெளிச்சம் வரும்போது ஏறக்குறைய 60 கி.மீ. முடிந்திருக்கும், மதியம் 1 மணிக்கு நடை முடியும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவு 10 மணிக்குக் கிளம்புபவர் ஏற்கெனவே 15 மணி நேரம் விழித்திருப்பார். அவருக்கு அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கம் சுவர்போல வந்து நிற்கும்.

பாதையின் கடினமான பகுதியை, அதாவது ஏற்றம், சேறு, குழப்பமான பிரிவுகள் ஆகியவற்றை, நள்ளிரவுக்கு முன் முடித்துவிடுமாறு திசையைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலை 3 முதல் 6 மணிவரை யோசிக்கவே தேவையில்லாத நேரான பாதை கிடைத்தால் பாதி வெற்றி. முழுநிலவு நாள் கிடைத்தால் விடாதீர்கள். குளிர்காலத்தில் முழுநிலவு வானில் மிக உயரமாகப் போகும்; ஏறக்குறைய இரவு முழுவதும் இருக்கும்.

பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாவது, கூரைக்கடியில் நுழையவோ வண்டி பிடிக்கவோ முடிகிற இடத்தைக் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அவர் தேட ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பதினாறு வாரப் பயிற்சி

இப்போது 20 கி.மீ. சிரமமில்லாமல் நடக்க முடிகிறவருக்கு 16 வாரம் போதும். வாரத்துக்கு மூன்று நடை: இரண்டு சிறியது (ஒரு மணி நேரம், வேகமாக), ஒன்று நீண்டது. நீண்ட நடையை வாரத்துக்குச் சுமார் 10 சதவீதம் கூட்டுங்கள். நான்காவது வாரம்தோறும் கால்வாசி குறையுங்கள். இப்படிப் போனால் மூன்று வாரம் பாக்கியிருக்கும்போது 50 கி.மீ. வந்துவிடும். அதற்குமேல் பயிற்சியில் நடக்க வேண்டாம். ஆற எடுக்கும் நாள்களோடு ஒப்பிட்டால் அதில் கிடைக்கும் பலன் குறைவு. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், பிறகு இன்னும் குறையுங்கள்.

தூரத்தைவிட முக்கியமான இரண்டு பயிற்சிகளைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஒன்று, அடுத்தடுத்த நாள்களில் நடப்பது: சனிக்கிழமை 30 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 25 கி.மீ. களைத்த காலில் நடை எப்படிக் கோணுகிறது, எங்கே தோல் உரசுகிறது என்பதெல்லாம் இரண்டாம் நாளில்தான் தெரியும். மற்றொன்று, அதிகாலை 2 மணிக்கு எழுந்து முழுப் பையோடு நான்கு மணி நேரம் நடப்பது. அந்த நேரத்தில் எந்த உணவு தொண்டையில் இறங்குகிறது, கிளவுஸைக் கழற்றாமல் எந்த ஜிப்பைத் திறக்க முடிகிறது, வெளிச்சம் போதுமா என்பதைப் பகலில் சோதிக்க முடியாது. இரண்டு முறையாவது செய்யுங்கள்.

தார்ச்சாலையில் நடக்கப்போகிறீர்கள் என்றால் தார்ச்சாலையில் பழகுங்கள். மண்பாதையில் மட்டும் பழகிய கெண்டைக்காலும் முழங்காலும் 40 கி.மீ. தாண்டியதும் தகராறு செய்யும்.

பாதம்

நடையைக் கைவிட வைப்பதில் பாதத்துக்கு நிகர் வேறில்லை. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஷூவை மாலையில், நடையன்று போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பல மணி நேரம் நடந்த பாதம் வீங்கும் என்பது ஒரு காரணம். குளிருக்கென்று தடித்த சாக்ஸைத் திணித்தால் இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிடும் என்பது அடுத்த காரணம். குறைந்தது 100 கி.மீ.-ஆவது நடந்து பழகிய ஷூவாக இருக்கட்டும்.

நீர் புகாத ஷூ எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வெளியிலிருந்து ஈரம் வராமல் தடுக்கும் அதே சவ்வு உள்ளே ஊறிய வியர்வையையும் மெதுவாகத்தான் வெளியே விடும். வறண்ட குளிரில் சாதாரண ஷூவும் கம்பளி சாக்ஸும் மேல். உருகும் பனியும் சேறும் நிச்சயம் என்றால் மட்டும் நீர் புகாத ஷூவும், கணுக்காலை மூடும் கெய்ட்டரும்.

நகத்தை நான்கைந்து நாள் முன்னதாகவே நேராக வெட்டி, ஓரத்தை ராவிவிடுங்கள். முந்தைய நாள் வெட்டினால் கூர்முனை பக்கத்து விரலைக் குத்தும்.

பயிற்சியில் எங்கே தோல் சிவந்ததோ அங்கே கிளம்பும் முன்பே டேப் ஒட்டுங்கள். அதற்கென்று உள்ள ஸிங்க் ஆக்ஸைடு டேப் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த, எண்ணெய்ப்பசை இல்லாத தோலில், மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். கூர்மையான மூலை சாக்ஸில் மாட்டிச் சுருண்டு அதுவே கொப்புளத்தைக் கிளப்பும். வாஸ்லின் தடவிய இடத்தில் டேப் நிற்காது. ஆகவே குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் டேப், விரலிடுக்குக்கு வாஸ்லின் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்தொடை, அக்குள், மார்புக்காம்பு, பைப்பட்டை உரசும் இடுப்பு ஆகிய இடங்களுக்கும் வாஸ்லின் தாராளமாக வேண்டும்.

பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்துகிறது என்று தோன்றிய உடனே நில்லுங்கள். அடுத்த நிறுத்தம் 3 கி.மீ.-இல்தானே என்று தள்ளிப்போட்டால் கொப்புளம் எழுந்துவிடும். மூன்று நிமிட வேலை அரை மணி நேர வேலையாகும். எழுந்துவிட்ட கொப்புளம் சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் மூடி மட்டும் வையுங்கள். பெரிதாகி நடையைக் கோணலாக்கினால், தூய்மைப்படுத்திய ஊசியால் அடி ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் மூடி டேப் போடுங்கள்.

நடுவழியில், கூரை உள்ள இடத்தில், சாக்ஸைக் கட்டாயம் மாற்றுங்கள். கழற்றும்போது உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருந்தால் தோல் ஊறிவிட்டது என்று அர்த்தம். துடைத்து, சில நிமிடம் காற்றாடவிட்டு, காய்ந்த சாக்ஸ் போடுங்கள். ஈரப்பாதம் பல மணி நேரம் குளிரிலேயே இருந்தால், உறைநிலைக்கு மேலேகூட நரம்பும் ரத்தக்குழாயும் பாதிக்கப்படும். உறையாத குளிர்தானே என்று அலட்சியம் கூடாது.

கணுக்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் குற்றவாளி ஷூ கயிறு. பாதம் வீங்கியிருக்கும், கயிறு பழைய இறுக்கத்திலேயே இருக்கும். மேலிருந்து இரண்டு துளைகளைத் தளர்த்திப் பாருங்கள்.

உடை

பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம், உள்ளாடை உட்பட. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது. மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்சட்டை, அதன்மேல் மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளிபோன்ற செயற்கைத் துணி), அதன்மேல் காற்றைத் தடுக்கும் இலேசான ஜாக்கெட். நடப்பதற்கு இவ்வளவுதான். மழைக்கோட்டு பையில் தனியாக இருக்கட்டும். மழை இல்லாதபோது அதைப் போட்டு நடந்தால் உள்ளே வியர்த்து நனைவீர்கள்.

நிறுத்தங்களுக்கென்றே ஒரு தடித்த பஞ்சு ஜாக்கெட், அதாவது பருத்தி அல்லாமல் இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்தது, வேண்டும். மற்ற எல்லா உடைக்கும் மேலே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். நீங்கள் கொண்டுபோவதில் உயிர்காக்கும் பொருள் இதுதான். ஈரமானால் இறகு ஜாக்கெட் படுத்துவிடும் என்பதால் ஈரக்குளிருக்குச் செயற்கைப் பஞ்சு நல்லது.

கைக்கு இரண்டு அடுக்கு: விரல் வேலைக்கு மெல்லிய கிளவுஸ், அதன்மேல் விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன். மெல்லியதில் கூடுதலாக ஒரு ஜோடி. தலைக்குத் தொப்பி, கழுத்துக்கு மூக்குவரை இழுக்க முடிகிற துணிக்குழாய்.

காற்றைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்றடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 13 போலத் தெரியும். முடிந்தால் இரவின் பின்பாதியில் காற்று முதுகில் இருக்குமாறு பாதையை அமையுங்கள்.

வெளிச்சம்

ஹெட்லேம்ப் (நெற்றியில் கட்டும் விளக்கு) பெட்டியில் எழுதியிருக்கும் மணி நேரத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் அளவீட்டில், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாகக் குறையும் வரையான நேரமும் கணக்கில் வந்துவிடும். அதுவும் அறை வெப்பத்தில் அளந்தது. குளிரில் பாட்டரி இன்னும் சீக்கிரம் படுக்கும். பெட்டியில் உள்ளதில் பாதி என்று வைத்து, 14 மணி நேர இருட்டுக்குக் கணக்குப் போடுங்கள். நல்ல பாதைக்கு 50 முதல் 100 லூமென் போதும்; வழி தேடும்போது மட்டும் 200. இரண்டாவது ஹெட்லேம்ப் ஒன்று கட்டாயம். இருட்டில் ஒரு விளக்குக்குப் பாட்டரி மாற்ற இன்னொரு விளக்கு வேண்டுமே.

மாற்று பாட்டரிகளாக அல்கலைன் வேண்டாம், குளிரில் சோர்ந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் செல்கள் கடுங்குளிரிலும் வேலை செய்யும். போன், பவர் பேங்க், மாற்று செல்கள் எல்லாம் உடம்பை ஒட்டிய உள்பாக்கெட்டில் இருக்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்து உறைந்த போனைச் சூடாக்காமல் சார்ஜ் போடாதீர்கள், பாட்டரி நிரந்தரமாகக் கெடும். காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும்.

மூடுபனியில் நெற்றி விளக்கு வெள்ளைத் திரையை மட்டுமே காட்டும். கழற்றிக் கையில், இடுப்பு உயரத்தில் பிடித்தால் தரை தெரியும். சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓரமாக நடங்கள். ஒளிபிரதிபலிக்கும் பட்டையை மேல்சட்டையோடு கணுக்காலிலும் கட்டுங்கள். அசையும் பட்டையைப் பார்த்தால்தான் அங்கே போவது மனிதர் என்று ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும்.

சாப்பாடும் தண்ணீரும்

70 கிலோ எடையுள்ளவர் மணிக்குச் சுமார் 300 கலோரி செலவழிப்பார். அத்தனையையும் வழியில் ஈடுகட்ட முடியாது, தேவையும் இல்லை. மணிக்கு 200 கலோரி இலக்கு. முதல் மணி நேரத்திலிருந்தே, பசிக்காவிட்டாலும், அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய். பசித்தபின் சாப்பிடத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. இனிப்பும் உப்பும் கலந்து வையுங்கள், ஏனென்றால் நள்ளிரவுக்குமேல் இனிப்பு பலருக்குக் குமட்டும். உப்பு போட்டு அவித்த உருளைக்கிழங்கு, சீஸ் வைத்த ரொட்டி, வறுத்த கொட்டைகள், பேரீச்சை போன்றவை தாங்கும். சில எனர்ஜி பார்கள் குளிரில் கல்லாகிவிடும். அவற்றை முன்னாலேயே துண்டாக்கி, உள்பாக்கெட்டில் வையுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் கூடும். மணிக்கு 300 முதல் 500 மி.லி. போதுமானது. வலுக்கட்டாயமாக லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும், எனவே மூடி அடைக்காது. குழாய்வழி உறிஞ்சும் தண்ணீர்ப்பையை மைனஸில் தவிர்ப்பது நல்லது. குழாய்தான் முதலில் உறையும். ஒரு லிட்டர் ஃப்ளாஸ்க்கில் சூடான சூப்பையோ சர்க்கரை போட்ட தேநீரையோ அதிகாலைக்கென்று பத்திரப்படுத்துங்கள்.

காபியை நள்ளிரவுக்கு முன் தொட வேண்டாம். முதல் கப் 2 மணிக்கு, தேவைப்பட்டால் அடுத்தது 4 மணிக்கு. மது ஒரு சொட்டும் கூடாது. தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே கொட்டிவிடும். வலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நடையின்போது போடாதீர்கள். நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்குச் சுமை.

கடைசி வாரம், பை

முந்தைய மூன்று நான்கு இரவுகள் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். நடையன்று மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

பை தண்ணீரோடு 5 கிலோவைத் தாண்டக் கூடாது. மேலே சொன்னவற்றோடு அலுமினியம் பூசிய அவசரப் பை, விசில், உட்கார ஒரு ஃபோம் துண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ், டேப், கத்தரி, ஊசி, கழிப்பறைத் தாள், பனி கட்டிய தரை எதிர்பார்த்தால் ஷூவில் மாட்டும் முள்சங்கிலி. பஞ்சு ஜாக்கெட் எப்போதும் மேலே. அதன்மேல் எதையும் வைக்காதீர்கள்.

இரவு

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலில் கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். ஏற்றம் வருவதற்கு முன்பே ஜிப்பைத் திறங்கள், வியர்த்தபின் அல்ல. முதல் 20 கி.மீ. மெதுவாகத் தோன்ற வேண்டும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை மாறக் கூடாது:

1. நின்றவுடன், குளிர்வதற்கு முன்பே, பஞ்சு ஜாக்கெட்டைப் போடுங்கள்.
2. ஃபோம் துண்டைப் போட்டு உட்காருங்கள். கல்லும் மண்ணும் சூட்டை வேகமாக உறிஞ்சும்.
3. சாப்பிடுங்கள், குடியுங்கள்.
4. பாதத்தைப் பாருங்கள்.
5. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான உணவைப் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.
6. பத்தாவது நிமிடம் எழுந்து, ஜாக்கெட்டோடே நடக்கத் தொடங்கி, சூடேறியதும் கழற்றுங்கள்.

நல்ல சூடான அறை ஒன்று வழியில் கிடைத்தால் அங்கேதான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். அரை மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் தசை இறுகும், மறுபடி வெளியே போக மனம் வராது.

பாலங்கள் மற்ற தரைக்கு முன்பே உறையும். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்குவதால் மேட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும்; அங்கே நிற்காமல் கொஞ்சம் மேலே ஏறி நில்லுங்கள்.

மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் உடல்வெப்பம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். மனம் சோரும், கைவிடத் தோன்றும். அப்போது எந்தப் பெரிய முடிவும் எடுக்காமல் சூப், காபி, ஒரு அடுக்கு உடை, துணையோடு பேச்சு என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். கண் சொருகினால் கூரைக்கடியில், ஜாக்கெட்டும் அவசரப் பையும் போர்த்தி, காபி குடித்த கையோடு 15 நிமிடம் தூங்குங்கள். துணை ஒருவர் விழித்திருந்தால் மட்டும். திறந்தவெளியில் தனியாக உறங்கக் கூடாது.

வெறும் சோர்வையும் உடல்வெப்பம் ஆபத்தாகக் குறைவதையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். தடுமாறும் கால், குழறும் பேச்சு, பொத்தான் போட முடியாத விரல், காரணமில்லாத எரிச்சல் இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அது ஹைப்போதெர்மியாவின் தொடக்கம். காற்றிலிருந்து மறைவுக்குக் கொண்டுபோய், ஈர உடையை மாற்றி, விழுங்க முடிந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுத்து, நடையை அங்கேயே முடியுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடேறாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசமாகிறது; உடனே அவசர உதவியை அழையுங்கள், அவரை நடக்க வைக்காதீர்கள். போன் கிடைக்காத இடத்தில் விசிலை நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஊதுங்கள். விரலோ மூக்கோ வெளுத்து மரத்தால் தேய்க்காமல், அக்குளிலோ வெறும் உள்ளங்கையாலோ சூடேற்றுங்கள்.

சூரியன் உதித்த பிறகும் சிறிது நேரத்துக்குக் குளிர் குறையாது. வெளிச்சத்தைப் பார்த்ததும் உடையைக் கழற்றிவிடாதீர்கள்.

முடித்த பிறகு

நின்ற ஐந்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்குவீர்கள். முடியும் இடத்தில் காய்ந்த உடை முழு செட், பெரிய அளவில் தளர்ந்த ஷூ, சூடான உணவு தயாராக இருக்கட்டும். முதலில் உடை, பிறகு சாப்பாடு, பிறகுதான் படம் எடுப்பதெல்லாம். மரத்த பாதத்தை ஹீட்டருக்கோ கொதிநீருக்கோ காட்டாதீர்கள், சுடுவது தெரியாமல் புண்ணாகும்.

வண்டி ஓட்டக் கூடாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். அழைத்துப்போக ஒருவரைக் கிளம்புவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

மறுநாள் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, விரல் மரத்தே இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் அன்றைக்கே போங்கள்; தசை சிதைவுக்கு அது அறிகுறியாக இருக்கலாம்.